உள்ளூர்ச் சரக்குக்கு நூறு வெள்ளி குறைவு

சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தை விட்டு மேலே வந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை ஒட்டி நடந்து சாலையைக் கடந்தால் பெனின்சுலா என்ற பெயரில் இரண்டு பழைய கட்டடங்கள் வரும். பெனின்சுலா பிளாசா மியான்மர்க்காரர்களின் பேட்டை. உள்ளே நுழைந்ததுமே மொய்ங்கா வாசனை. சென்னை பர்மா பஜாரில் அத்தோ சாப்பிட்டுப் பழகிய மூக்குக்கு அது உடனே பிடிபட்டுவிடும். எங்களுக்கு வேலை அங்கே இல்லை, கோல்மன் தெருவில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில். கால்பந்து ஜெர்சி, கிட்டார், விளையாட்டுக் காலணி, இவற்றுக்கு நடுவே பழைய கேமராக் கடைகள். இந்த ஊரின் புது மால்கள் எல்லாம் ஒரே கண்ணாடி, ஒரே வெளிச்சம். இங்கே கூரை தாழ்வு, டியூப் லைட் வெளிச்சம், கடைக்காரர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்தவரை யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

கூட்டி வந்தவள் அக்கா மகள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள் வயசுப் பிள்ளைகளிடம் இப்போது ஃபிலிம் கேமரா ஒரு காய்ச்சலாகவே பரவியிருக்கிறது. "ஃபோன்ல எடுத்தா எல்லாமே அழகா வந்துடுது மாமா, அதான் போர்" என்றாள். அவளுக்கு ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 வேண்டும். எனக்கு வேறொன்றின் மேல் கண். கடை வாசல் வரை அதைச் சொல்லாமலே வந்தேன்.

கடை என்று பெயரே தவிர, நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். மூன்று பக்கமும் கண்ணாடிக் கதவு போட்ட டிரை கேபினெட்டுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஈரப்பதம் காட்டும் சின்ன முள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கேமராவைச் சும்மா பீரோவில் வைத்தால் கொஞ்ச காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். சென்னையிலும் இதே கதைதான். கடைக்காரர் எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். மருமகள் "அங்கிள்" என்று கூப்பிட, அவர் மேசைமேல் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார். எதை எடுத்தாலும் அந்தத் துணிக்கு மேலேதான் காட்டுவார். கேட்ட கேமராவைத் தருவதற்கு முன் கேட்காத மூன்றைக் காட்டுவதும் அவர் வழக்கமாம்.

முதலில் வந்தது ரிக்கோ ஆட்டோ ஹாஃப். 1960களின் சரக்கு. தட்டையான சதுர உலோகப் பெட்டி, முகப்பில் தேன்கூட்டுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது செலினியம் தகடு. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், அந்த மின்சாரமே எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும். பேட்டரியே கிடையாது. அடியில் ஒரு திருகு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் அதை முறுக்கிவிட்டு என் கையில் தந்தார் பெரியவர். பட்டனை அமுக்கினேன். 'டிக்' என்றது, உடனே 'ஜ்ர்ர்' என்று தானே ஃபிலிமை நகர்த்திக்கொண்டது. மறுபடி அமுக்கினால் மறுபடி 'டிக், ஜ்ர்ர்'. ஸ்பிரிங் தளரும்வரை அமுக்கிக்கொண்டே போகலாம். மருமகள் கையிலிருந்து பிடுங்கி நாலைந்து தரம் அமுக்கிப் பார்த்தாள். ஃபிலிம் இல்லாத கேமராவை இத்தனை ஆசையாக அமுக்குவதைப் பார்த்தபோது, அறுபது வருடத்துக்கு முன்னால் இதை விற்றவர்களுக்கும் இந்தச் சத்தமே பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கும் என்று தோன்றியது.

அடுத்தது கேனன் டயல் 35. 1963இல் வந்தது. லென்சைச் சுற்றி வட்டமாகத் துளைகள், அப்படியே அந்தக் காலத்து டெலிஃபோன் டயல். பெயர் வைத்தவருக்குச் சிரமமே இருந்திருக்காது. கீழே கைப்பிடியாகத் தொங்கும் உருளைக்குள் இதற்கும் ஒரு ஸ்பிரிங் மோட்டார். பக்கத்திலேயே வீடியோ கேமரா உருவத்தில் ஒரு யாஷிகா சாமுராய் படுத்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் வந்த இந்த வரிசையில் இடக்கைக்காரர்களுக்கென்றே தனி மாடல் போட்டார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, பார்க்க அசிங்கம்.

இந்த மூன்றும் ஹாஃப் ஃபிரேம் கேமராக்கள். வழக்கமான 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு உரிய இடத்தில் இரண்டு படம் எடுக்கும். 36 படச் சுருளில் 72 படம். இந்த வகையை ஜப்பானில் பெரிதாகக் கிளப்பிவிட்டது 1959இல் வந்த ஒலிம்பஸ் பென். அதை வடிவமைத்த யோஷிஹிசா மைட்டானி அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். ஒலிம்பஸின் மற்ற கேமராக்கள் இருபதாயிரம் யென்னைத் தாண்டி விற்ற காலத்தில், ஆறாயிரம் யென்னில் ஒரு கேமரா செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். லென்சில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று, பணத்தை முதலில் அதற்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் பெட்டியைச் செய்தார். இந்தப் பொம்மையை எல்லாம் செய்ய முடியாது என்று சொந்த ஆலையிலேயே மறுத்துவிட்டார்கள், வெளியே கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. 1961இல் வந்த பென் ஈஈயில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். வெளிச்சம் போதவில்லை என்றால் வியூஃபைண்டருக்குள் ஒரு சிவப்பு நாக்கு எழும்பும், ஷட்டரும் பூட்டிக்கொள்ளும். ஃபிலிமை வீணாக்கவே விடாது.

மருமகளின் எக்ஸ்ஏ2வுக்கும் தகப்பன் இதே மைட்டானிதான். 1979இல் எக்ஸ்ஏ, அடுத்த வருடம் எக்ஸ்ஏ2. தனியாக லென்ஸ் மூடி, உறை என்று எதுவும் வேண்டாம். முன்பக்கத்தை மூடியிருக்கும் ஓட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கேமரா முழித்துக்கொள்ளும், மூடினால் தூங்கிவிடும். ஷட்டர் பட்டன் சிவப்பு நிறத்தில் மேல்தகட்டோடு தட்டையாக இருக்கிறது. அதை அமுக்கக்கூட வேண்டாம், விரல் பட்டாலே போதும். தூரத்தைச் சொல்ல மூன்று படக்குறிகள்: ஒரே ஆள், சில பேர், மலை. எந்தக் குறியில் வைத்திருந்தாலும் ஓட்டை மூடித் திறந்தால் நடுக்குறிக்கே வந்து நிற்கும். அடுத்த தரம் அவசரமாக எடுக்கிறவர் பெரும்பாலும் நாலைந்து பேரைத்தான் எடுப்பார் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அடியில் ஒரு நெம்பு இருக்கிறது, செல்ஃப் டைமருக்கு. அதை வெளியே இழுத்தால் மேசையில் கேமரா சாயாமல் நிற்க அதுவே காலாகவும் ஆகிவிடுகிறது. பெரியவர் பின்கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு நுரையை நகத்தால் தொட்டுக் காட்டினார். இந்த நுரை வருடக் கணக்கில் இற்றுப்போய்ப் பிசுபிசுப்பாகி, வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். இதில் புதிதாக மாற்றியிருந்தார். விலை படிந்தது.

டைட்டானியம் உடம்போடு ஒரு கான்டாக்ஸ் டி2வும் இருந்தது. 1990இல் வந்தது. சினிமா, மாடலிங் பிரபலங்கள் கையில் பார்த்துவிட்டு உலகமே தேட ஆரம்பித்ததில், வாங்கலாமா என்று யோசிக்கக்கூடப் பயமாக இருக்கும் விலை. அதன் லென்ஸ் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஒருநாள் செத்தால் மாற்ற உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் அதைத் தொடவில்லை.

பிறகுதான் என் விஷயத்துக்கு வந்தேன். "ரோலை 35 இருக்கா அங்கிள்?"

பெரியவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. மூன்றாவது கேபினெட்டைத் திறந்து இரண்டை எடுத்து வெல்வெட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளி நிறம், ஒரே வயதுத் தேய்மானம். ஒன்றில் மேட் இன் ஜெர்மனி. இன்னொன்றில் மேட் இன் சிங்கப்பூர். விலைச் சீட்டைப் பார்த்தேன். சிங்கப்பூரில் செய்தது நூறு வெள்ளிக்கு மேல் குறைவு.

"இரண்டும் ஒரே கேமராதானே?"

"ஒரே கேமராதான்."

"அப்புறம் ஏன்?"

"வாங்குறவன் ஜெர்மனிதான் வேணும்னு கேக்குறான். நான் விலை போடுறேன்."

"இந்த ஊர்க்காரங்களுமா?"

"இந்த ஊர்க்காரன்தான் முதல்ல கேப்பான்."

ரோலை 35இன் கதையும் மறுக்கப்பட்ட ஒருவரின் கதைதான். ஹைன்ஸ் வாஸ்கே ஜெர்மனியில் விர்கின் என்ற கேமரா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். பொடிக் கேமரா என்றால் ஃபிலிமையும் சின்னதாக்குவதுதான் அன்றைய வழி. முழு அளவுப் படம் எடுக்கும் கேமராவையே சட்டைப் பைக்குள் அடக்கினால் என்ன என்று, ஓய்வு நேரத்தில் தன் பாட்டுக்கு ஒன்றை வரைந்து வைத்திருந்தார். முதலாளியிடம் காட்டினால், நான் கேமராத் தொழிலையே விடப் போகிறேன் என்றார் அவர். லைட்ஸ் நிறுவனத்திடம் காட்டினார், கோடாக்கிடம் காட்டினார், எடுபடவில்லை. 1965இல் பிரவுன்ஷ்வைக் நகரில் இருந்த ரோலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மாதிரி அவர் கையிலேயே இருந்தது. நிறுவனத் தலைவராக இருந்த ஹைன்ரிஷ் பீசல் பார்த்தார், செய்வோம் என்றார். 1966இல் கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் கேமரா வெளிவந்தது. 97 மில்லிமீட்டர் நீளம், 60 உயரம், 32 தடிமன். 370 கிராம் எடை. கையில் எடுத்தால் அளவுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை.

அதன் விசித்திரம் எல்லாம் இந்த அளவிலிருந்து பிறந்தவை. வழக்கமான கேமராவில் ஷட்டரும் அதன் பல்சக்கரங்களும் ஒன்றாக இருக்கும். வாஸ்கே அதைப் பிரித்து, இதழ்களை மட்டும் லென்ஸ் குழாயில் வைத்தார், சக்கரங்களை உடம்புக்குள் தள்ளினார். லென்ஸ் உள்ளே மடங்குவதற்கு அதனால்தான் இடம் கிடைத்தது. மேல்தகட்டில் வெளிச்சமானியின் முள், வியூஃபைண்டர், ஷட்டர் பட்டன் என்று இடம் தீர்ந்துபோனதால், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடி, படம் எண்ணும் வட்டம், ஃபிளாஷ் மாட்டும் இடம் எல்லாம் கேமராவின் அடிவயிற்றுக்குப் போய்விட்டன. ஃபிலிம் நகர்த்தும் நெம்பு இடப்பக்கம். பெரும்பாலான மற்ற கேமராக்களில் வலது கட்டைவிரல் செய்யும் வேலையை இதில் இடது கட்டைவிரல் செய்ய வேண்டும். ஃபிளாஷ் அடியில் இருப்பதால் நேராகப் பிடித்து எடுத்தால் வெளிச்சம் தாடையிலிருந்து மேலே ஏறும், நாடகத்துப் பேய் வந்து நிற்கும். தலைகீழாகப் பிடித்து எடுப்பதுதான் முறை.

பெரியவர் ஒரு ஒழுங்கோடு பரிசோதித்துக் காட்டினார். லென்ஸ் குழாயை வெளியே இழுத்து, வலப்பக்கம் திருப்பி, அது 'கிளக்' என்று பூட்டிக்கொள்வதைக் கேட்கச் சொன்னார். முன்முகத்தில் லென்சுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சக்கரம், ஒன்று ஷட்டர் வேகம், மற்றது அப்பர்ச்சர். வேகத்தை அரை நொடியில் வைத்து என் காதருகே அமுக்கினார். உள்ளே பல்சக்கரங்கள் ஓடும் சன்னமான 'ஸ்ஸ்ர்' சத்தம் தடங்கலில்லாமல் முடிந்தது. பழைய மசகு இறுகிப்போயிருந்தால் இந்த இடத்தில்தான் இழுக்கும், நடுவில் நின்றுவிடும். ஜெர்மனிக்காரனில் அதே அரை நொடி கொஞ்சம் இழுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு ஃபோன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து லென்சைப் பார்த்தேன். நாலு கண்ணாடித் துண்டுகள் கொண்ட டெஸார், 40 மில்லிமீட்டர், எஃப் 3.5. ஓரத்தில் நூல்நூலாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. சுத்தமாக இருந்தது.

"மடக்கும்போது மட்டும் ஜாக்கிரதை" என்றார். ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் லென்சை மடக்க வேண்டும். ஏற்றாமல் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே சேதமாகும். பூட்டை விடுவிக்கும் பொத்தானை அமுக்கி, திருப்பி, உள்ளே விட வேண்டும். பழுதுக்கு வரும் ரோலைகளில் பாதி, இதைத் தெரியாமல் தள்ளியவர்கள் கொண்டு வருவதுதானாம்.

நான் சிங்கப்பூர்க்காரனை எடுத்துக்கொண்டேன். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. ஜெர்மனியில் கூலி ஏறிக்கொண்டே போக, 1970களின் தொடக்கத்தில் ரோலை தன் உற்பத்தியை இங்கே கொண்டுவந்தது. ஜெர்மனியிலிருந்து உதிரி வரவழைத்துத் திருகு முடுக்கும் பட்டறையாக அது இருக்கவில்லை. லென்சும் ஷட்டரும்கூட இங்கேயே செய்தார்கள். துல்லிய இயந்திர வேலை தெரிந்த ஆட்கள் போதாததால் அரசாங்கத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி மையமே நடத்தினார்கள். நம் ஊர் டாட்டாவும் அதே காலத்தில் அதேபோல் ஒன்றை இங்கே தொடங்கியது. ரோலை 1981இல் திவாலாகி ஆலையை மூடியபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. ஆனால் அந்தக் கைகள் கற்றுக்கொண்டது எங்கும் போய்விடவில்லை. சேகரிப்பாளர்கள் மெச்சுகிற, சோனார் லென்ஸ் வைத்த ரோலை 35 எஸ் மாடல் 1974இல் வந்தது இந்த ஊர் ஆலையிலிருந்துதான். ஜெர்மனியில் செய்தது சில வருடங்கள் மட்டுமே, அதனால் எண்ணிக்கை குறைவு, அதனால் விலை அதிகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆரம்ப கால டெஸார் ஸைஸ் நிறுவனமே செய்தது, பிற்பாடு ஸைஸ் உரிமத்தில் ரோலை செய்தது என்பதும் சரி. தரம் குறைவு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டு நெகட்டிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் கையில் ஒரு யாஷிகாவை எதிர்பார்த்த ஊர் நம்முடையது. 'ஃபாரின்' என்று நாம் கொண்டாடிய ஊரே தன் கைவேலையை இரண்டாம் தரமாகப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பேட்டரி தனிக் கதை. இந்த வெளிச்சமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. பாதரசம் தடையாகி, அந்த பேட்டரி கடையில் கிடைப்பதில்லை. அதே உருவத்தில் 1.5 வோல்ட் அல்கலைன் போடலாம், ஆனால் முள் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக பேட்டரி கிட்டத்தட்ட பழைய வோல்ட்டைத் தரும். அளவு சின்னது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். அணைக்கும் சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் முள் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் உறைக்குள் இருட்டில் வைக்க வேண்டும். பேட்டரி இருக்கும் இடமோ ஃபிலிம் அறைக்குள். பாதிச் சுருளில் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

வெளியே வந்து ஃபிலிம் போட்டோம். மருமகளுடையதில் கதவைத் திறந்தோம், போட்டோம், மூடினோம். ரோலையில் பின்பக்கமும் அடிப்பக்கமும் சேர்ந்து ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் ஃபிலிம், கழன்ற துண்டை வைக்க மூன்றாவது கை வேண்டும். அவள் பிடித்துக்கொண்டாள்.

கோல்மன் தெருவிலிருந்து ஹில் தெருவுக்கு வந்தால் ஆர்மீனியர் தேவாலயம். 1835இல் கட்டியது, வரைந்தவர் கோல்மன் தெருவுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் கோல்மன். கொஞ்சம் தள்ளி, பழைய ஹில் தெருக் காவல் நிலையம். 927 ஜன்னல், ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு நிறம். போகிறவர் எல்லாரும் ஃபோனைத் தூக்கும் இடம். நடுப்பகல் வெயில். இந்த வெயிலில் வெளிச்சமானியே தேவையில்லை. 200 வேக ஃபிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் 250 என்றால் சரியாக வரும். நான் எஃப் 11க்கும் 500க்கும் மாற்றிக்கொண்டேன். இதில் குவியம் பார்க்க வழியில்லை, தூரத்தைக் கண்ணால் அளந்து லென்சில் வைக்க வேண்டும். கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் எஃப் 11இல் மூன்று மீட்டருக்கு வைத்தால் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு வரை எல்லாம் தெளிவாகவே விழும், லென்சிலேயே அந்தக் கணக்கு பொறித்திருக்கிறது. ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு அமுக்குவது மட்டும்தான் வேலை. அவளுடைய தானியங்கியைவிட என் பழங்காலத்தான் முந்திக்கொண்டது. அவள் நம்பவில்லை. என் கேமராவை வாங்கி எடுத்துப் பார்த்தாள், பிறகு திருப்பித் தரவே மனமில்லை. வலது கட்டைவிரலால் இல்லாத நெம்பைத் தேடித் தேடிச் சிரித்தாள்.

இந்த ஆசை அவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை. 2024இல் பென்டாக்ஸ் 17 என்று கையால் ஃபிலிம் நகர்த்தும் புது ஹாஃப் ஃபிரேம் கேமரா வந்தது. அதே வருடம் ஹாங்காங்கின் மின்ட் நிறுவனம் ரோலை பெயரில் 35 ஏஎஃப் கொண்டுவந்தது. உருவம் வாஸ்கேயுடையது, தூரத்தை லேசர் அளந்து சொல்லும். நல்ல கேமராவாகவே இருக்கலாம். தூரத்தை நான் அளப்பதில்தானே சுவாரசியம், அதை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

சில நாள் கழித்து, முடிந்த சுருள்களைக் கழுவக் கொடுக்கப் போனோம். ஃபிலிமோடு விமானம் ஏறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது விமான நிலையங்களில் வந்திருக்கும் சிடி ஸ்கேனர் ஃபிலிமைப் புகையடித்த மாதிரி ஆக்கிவிடும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டால் எல்லா ஊரிலும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. லேபில் ஆளுக்கொரு கவர் தந்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், மின்னஞ்சல், ஸ்கேன் அளவு. கடைசியில் ஒரு கட்டம்: நெகட்டிவ் திரும்ப வேண்டுமா? அவள் வேண்டாம் என்று டிக் அடித்திருந்தாள். அவள் சிநேகிதிகள் யாரும் வாங்குவதில்லையாம், மெயிலில் படம் வந்தால் போதுமாம். ஃபிலிம் கேமரா வாங்கி, ஃபிலிம் வாங்கி, கழுவக் காசு கொடுத்துவிட்டு நெகட்டிவை மட்டும் வேண்டாம் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அவள் கவரை வாங்கி, அவள் போட்டதை அடித்துவிட்டு வேண்டும் என்பதில் டிக் போட்டேன்.

"அது ரெடியாக ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க ஊருக்குப் போயிடுவீங்களே" என்றாள்.

"நீ வாங்கி வை."

"வாங்கி வைக்கிறேன் மாமா. ரோலையை இங்க விட்டுட்டுப் போங்க."